நொதிப் பட்டியலின் முதல் எண்

வீட்ஸ்கெ ஹூக்ஸ்மா சின்னப் பெண்ணாக இருந்தபோது, ஃபிரீஸ்லாந்தில் அவள் அப்பாவின் மாட்டுக் கொட்டிலுக்கு ஒரு தண்ணீர்க்காரர் வந்தார். மாடுகளுக்குக் குளம்பில் புண். வந்தவர் ஒரு பீப்பாய்த் தண்ணீருக்கு மேல் கைகளை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். தன் விரல் நுனியிலிருந்து ஒரு சக்தி தண்ணீருக்குள் இறங்குகிறது, அதைக் குடித்தால் மாடு தேறிவிடும் என்றார். கூலியை வாங்கிக்கொண்டு போயும்விட்டார்.

மாடுகளுக்குத் தண்ணீர் காட்டுவது வீட்ஸ்கெயின் வேலை. இடப்பக்க வரிசைக்குப் பீப்பாய்த் தண்ணீரைக் கொடுத்தாள். வலப்பக்க வரிசைக்குக் குழாய்த் தண்ணீர். யாரிடமும் சொல்லவில்லை. மழை விட்டுத் தரை காய்ந்ததும் இரண்டு வரிசையும் ஒன்றாகத் தேறின. சாப்பாட்டு மேசையில் அவள் உண்மையைப் போட்டு உடைத்தாள்.

"அவரு கைக்காத்து வலப்பக்கத்து மாட்டுக்கும் பட்டிருக்கும்" என்றார் அப்பா.

"அப்ப தண்ணி எதுக்குப்பா?"

அன்று அவளுக்குக் கஸ்டர்ட் கிடைக்கவில்லை. உண்மை பேசியதற்கு உலகம் கொடுத்த முதல் சம்பளம் அது. அவள் அழவில்லை. அடுத்த முறை இன்னும் நிறைய மாடுகளை வைத்துச் சோதிக்க வேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

அந்தப் பெண்தான் பின்னாளில் உயிர்வேதியியல் படித்து, வாகனிங்கன் நகரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வந்து சேர்ந்தாள். மழையிலும் எதிர்க்காற்றிலும் ரைன் கரை வழியாக சைக்கிளில் வருவாள். மதியம் ரொட்டி, பாலாடைக்கட்டி, ஒரு டம்ளர் மோர். கடவுள் நம்பிக்கை துளியும் கிடையாது. ஆனால் செவ்வாய்க்கிழமை தோறும் தேவாலயப் பாடகர் குழுவில் முதல் வரிசையில் நின்று பாடுவாள். கேட்டால், "பாட்டு எதையும் நிரூபிக்க வரலையே, அது பாட்டுக்கு நல்லா இருக்கு" என்பாள். மற்ற எல்லாவற்றிடமும் அவளுக்கு ஒரே கேள்விதான்: "உனக்கு எப்படித் தெரியும்?" காப்பி இயந்திரத்துக்கு அருகே நின்று புதிய கண்டுபிடிப்பைப் பீற்றிக்கொண்டிருப்பவர்கள், அவள் சிவப்பு மழைக்கோட்டு தெரிந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

வேலையில் அவள் இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. ஒப்பந்தத்துக்கு மேல் ஒப்பந்தம். சட்டப்படி நிரந்தரமாக்க வேண்டிய நாள் நெருங்கும்போது நிறுவனங்களுக்குத் திடீரென்று ஞானம் பிறந்து, ஆளை அனுப்பிவிட்டு இன்னொரு ஆளை எடுக்கும். மூளையை வாடகைக்கு எடுக்கும் இந்தத் தந்திரத்துக்கு 'நெகிழ்வு' என்று அழகான பெயர். வீட்ஸ்கெ பல இடங்களில் இந்த நெகிழ்வை அனுபவித்தவள்.

அவள் கையிலிருந்த வேலை ஒரு பட்டியல். மண்ணில் வாழும் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் மருந்து செய்யத் தெரிந்தவை. நாம் விழுங்கும் நுண்ணுயிர்க்கொல்லிகளில் பாதிக்கு மேல் அவற்றின் கைவேலை. முதலில் சில நொதிகள், அதாவது என்சைம்கள், மூலக்கூறு என்ற துணியை வெட்டி மூட்டிக் கொடுக்கும். பிறகு தையல்கார நொதிகள் வரும். ஒன்று பொத்தான் வைக்கும், ஒன்று கையைக் குறைக்கும், ஒன்று சரிகை ஓரம் தைக்கும். அந்தக் கடைசித் தையலில்தான் விஷம் மருந்தாவதும் மருந்து வீணாவதும் இருக்கிறது. எந்த நொதி எந்தத் துணியில் என்ன தைக்கிறது என்று உலகம் முழுவதும் ஒரே முறையில் எழுதி வைக்க வேண்டும். அதற்கான சட்டகத்தை வகுத்த குழுவில் அவளும் ஒருத்தி.

சட்டகத்தில் ஒவ்வொரு நொதிக்கும் நாலே கேள்வி. நீ யார்? எந்த மூலக்கூறின் மேல் வேலை செய்கிறாய்? வேலை முடிந்ததும் அது என்னவாகிறது? நான்காவது கேள்வியை வீட்ஸ்கெ சண்டை போட்டு நுழைத்தாள்: இது எப்படித் தெரியும்? அதற்கு எழுத்தில் பதில் கிடையாது, கட்டங்கள்தான். குழாயில் போட்டுச் சோதித்தோம். மரபணுவை எடுத்துவிட்டோம், வேலை நின்றது. மரபணுவை வேறோர் உயிரில் வைத்தோம், வேலை நடந்தது. இவற்றில் ஒன்றாவது வேண்டும். "பார்த்தால் அதைப் போலவே இருக்கிறது" என்பதற்குக் கட்டமே இல்லை.

"அதுக்கு ஒரு கட்டம் இருந்தா நிறைய பேருக்கு வசதியா இருக்கும்" என்றான் கூட்டத்தில் யோரிட். பட்டியலுக்குக் கணினி நிரல் எழுதும் பையன். சாக்லேட் தூள் தூவிய ரொட்டியை விசைப்பலகைக்கு மேலேயே வைத்துத் தின்பவன்.

"திருட்டுச் சாவிக்கும் ஒரு மாட்டல் ஆணி இருந்தா நிறைய பேருக்கு வசதிதான்" என்றாள் வீட்ஸ்கெ.

செப்டம்பரில் பதிவு விழா நடந்தது. உலகமெங்கும் இருக்கிற ஆய்வாளர்கள் திரை வழியாகக் கூடி, தங்களுக்குத் தெரிந்த நொதிகளைச் சட்டகத்தில் நிரப்பும் நாள். ஒருவர் நிரப்பியதை வேறொருவர் சரிபார்க்க வேண்டும். யாருடையது யாருக்கு என்பதை யோரிட்டின் நிரல் குலுக்கிப்போட்டுத் தரும். பட்டம், பதவி எதையும் அது பார்க்காது. ரோவீனா கார்த்தோசெமித்தோ என்ற ஆராய்ச்சி மாணவியின் பதிவு வீட்ஸ்கெக்கு வந்தது.

ரோவீனா பரமாரிபோவில் பிறந்தவள். சுரிநாமுக்குக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்ட ஜாவாக்காரர்களின் வம்சம். அந்த ஆய்வுக்கூடத்தில் அவள் சூடான சவோத்தோ சூப்பைக் கொண்டுவரும் நாளில் மட்டும் மதிய உணவுக்கு மணம் உண்டு. ஒரு மூலக்கூறின் வளையத்தில் மீத்தைல் என்ற சின்னப் பொத்தானைத் தைக்கும் நொதி ஒன்றை அவள் பதிந்திருந்தாள். நான்காவது கேள்வியில், 'இதைப் போன்ற வேறொரு நொதி அப்படிச் செய்கிறது' என்று ஓரக் குறிப்பு எழுதி, எந்தக் கட்டத்தையும் தொடாமல் விட்டிருந்தாள்.

வீட்ஸ்கெ திருப்பி அனுப்பினாள். ஐந்தே நிமிடத்தில் ரோவீனா நேரில் வந்து நின்றாள்.

"இந்தத் துறையில எல்லாரும் இப்படித்தானே எழுதுவாங்க?"

"இனிமே மாட்டாங்க. புரதம் கையில இருக்கா?"

"ஃப்ரீசர்ல இருக்கு."

"அப்ப ஃப்ரீசருக்கும் குழாய்க்கும் நடுவுல என்ன தடை?"

ரோவீனா கையைக் கட்டிக்கொண்டாள். "சோதிக்கிறேன். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இந்த விதி எல்லாருக்குமா, இல்ல என்னை மாதிரி ஆளுங்களுக்கு மட்டுமா?"

"எல்லாருக்கும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

தன் கேள்வி தன்னிடமே திரும்பி வந்தது வீட்ஸ்கெக்கு அதுவே முதல் தடவை. உரக்கச் சிரித்தாள். "நல்ல கேள்வி. பாத்துக்கிட்டே இரு" என்றாள்.

அக்டோபரில் ஒரு நாள் யோரிட் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தான். முகத்தில் ரகசியம் வழிந்தது. துறைத் தலைவர் லுபர்ட் கிரானென்போர்குக்கு நவம்பரில் அறுபது முடிகிறது. பட்டியலின் முதல் பதிப்பும் அன்றைக்கே வெளிவருகிறது. அதனால் முதல் எண்ணை லுபர்ட்டின் நொதிக்கு ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். ஆச்சரியப் பரிசு. பதிவை நிரப்பியாகிவிட்டது. சரிபார்க்கும் முறை குலுக்கலில் வீட்ஸ்கெக்கு வந்திருக்கிறது.

அந்த நொதியைத் தெரியாதவர் இல்லை. ஒரு நுண்ணுயிர்க்கொல்லியின் வளையத்தில் குளோரின் அணுவை ஒட்டுவது. லுபர்ட்டின் பெயர் நின்றதே அதனால்தான். பாடநூல்களில் படம் போட்டிருக்கிறது. வீட்ஸ்கெயே அதைக் கரும்பலகையில் வரைந்து பாடம் நடத்தியிருக்கிறாள். அவள் மூல ஆய்வுக் கட்டுரையைத் திறந்து, எந்தக் கட்டத்தை நிரப்பலாம் என்று தேடினாள். குழாய்ச் சோதனை இல்லை. மரபணு எடுத்த சோதனை இல்லை. 'இன்னொரு நொதியோடு ஒத்திருப்பதால் அநேகமாக வளையத்தில் குளோரினை ஒட்டுகிறது' என்று நேர்மையாகவே எழுதியிருந்தார் அன்றைய இளைஞர் லுபர்ட். அவரைச் சுட்டி எழுதிய அடுத்த ஆள் 'அநேகமாக'வை விட்டுவிட்டார். அந்த ஆளைச் சுட்டி நூறு பேர் எழுதினார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு ஊர்வலம் போனார்கள். முன்னால் போகிறவருக்குக் கண் தெரிகிறதா என்று எவரும் கேட்கவில்லை.

"யோரிட், இது உள்ள போகாது."

"தெரியும். கட்டம் காலியா இருந்தா நிரல் ஏத்துக்காது." அவன் குரலைத் தாழ்த்தினான். "அதனால ஒரு பின்கதவு வெச்சேன். நான் ஒரு பொத்தானை அழுத்தினா நாலாவது கேள்வி இல்லாமலே போயிடும். இந்த ஒரு பதிவுக்கு மட்டும்."

"யார் கேட்டா?"

"யாரும் கேக்கலை. பிறந்தநாள், வீட்ஸ்கெ!"

"ரோவீனாவுக்கு பிறந்தநாள் இல்லாததால அவளைத் திருப்பி அனுப்பினோமா?"

"உங்க ஒப்பந்தம் டிசம்பரோட முடியுது. கையெழுத்துப் போடுறது லுபர்ட். நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவன் நிஜமாகவே நல்லதுக்குத்தான் சொன்னான். உலகில் பாதி அநியாயம் இந்த நல்லெண்ணத்தின் தோளில்தான் சவாரி செய்கிறது. பெரியவர் மனம் நோகக்கூடாது, விழா கெடக்கூடாது, வேலை போகக்கூடாது. விதி என்று ஒன்று இருந்தால், அது முதலில் மாணவியின் கழுத்தைத்தான் தேடிப் போகும். தலைவரைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றி வணங்கும். வீட்ஸ்கெயின் காது சிவந்தது. அன்று மாலை பாடகர் குழுவில் அவள் பாடிய வேகத்துக்கு, பக்கத்தில் நின்ற பெண்மணி இரண்டடி நகர்ந்து நின்றார்.

மறுநாள் காலை லுபர்ட்டின் அறைக்குப் போனாள். பயமில்லை என்று சொல்ல முடியாது.

"லுபர்ட், உனக்கு ஒரு ஆச்சரியப் பரிசு இருக்கு. அதைக் கெடுக்க வந்திருக்கேன்."

எல்லாவற்றையும் சொன்னாள். லுபர்ட் உயரமான மனிதர். உட்கார்ந்தாலும் நிற்பது போலிருக்கும். கேட்கக் கேட்க அவர் புருவம் இறங்கியது.

"முப்பது வருஷமா உலகமே ஒத்துக்கிட்டது, வீட்ஸ்கெ."

"உலகம் உன்னைப் பாத்துச் சொல்லுச்சு. நீ யாரைப் பாத்துச் சொன்னே?"

"நான் 'அநேகமாக'ன்னு எழுதினேன்!"

"எழுதினே. அது காணாமப் போனப்ப தேடினியா?"

லுபர்ட் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே மழை குறுக்காகப் பெய்துகொண்டிருந்தது. அங்கிருந்தே, யாரிடமோ பேசுவதுபோலச் சொன்னார்: "பசங்க எழுதுவாங்க. கோஸ்டாரிகா, கானா, எங்கிருந்தெல்லாமோ. 'உங்க நொதியை வளையத்துல போட்டுப் பாத்தோம், வேலை செய்யலை'ன்னு. கரைசலோட உப்பைச் சரிபாருங்கன்னு பதில் போடுவேன்."

"அவங்க?"

"மன்னிப்புக் கேட்டு எழுதுவாங்க."

வீட்ஸ்கெக்கு அதற்கு மேல் கோபப்பட முடியவில்லை. சோதனை சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. புத்தகத்தைச் சந்தேகப்படத் துணிவில்லாமல், அந்தப் பிள்ளைகள் தங்கள் கையைச் சந்தேகப்பட்டிருக்கிறார்கள். அவள் கதவை மெல்லச் சாத்திவிட்டு வந்தாள். டிசம்பருக்குப் பிறகு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே மோரைக் குடித்தாள்.

அடுத்த திங்களன்று ஆய்வுக்கூடத்துக்குள் ஒரு வெள்ளைக் கோட்டு நுழைந்தது. பொத்தான் போட முடியாதபடி வயிற்றில் இறுக்கியிருந்தது. உள்ளே லுபர்ட்.

"பிப்பெட்டு இப்பல்லாம் எங்க வெக்கிறீங்க?" என்று கேட்டார்.

ஆய்வுக்கூடமே வேடிக்கை பார்த்தது. நொதியின் மரபணுவைப் புதிதாகச் செய்வித்து வாங்கி, வேறொரு பாக்டீரியாவுக்குள் வைத்து, புரதத்தைப் பிரித்தெடுக்கச் சில வாரங்கள் பிடித்தன. லுபர்ட் ஒரு முறை மாதிரிகள் வைத்த தட்டை முன்பின்னாக மாற்றி வைத்தார். ஒரு முறை எல்லாவற்றையும் சுத்தமாகக் கழுவித் தொட்டியில் ஊற்றிய பிறகு, ஊற்றியதுதான் புரதம் என்று கண்டுபிடித்தார். "இதை நான் கத்துக்குடுத்தவன்" என்று அவர் முனக, "அதான் தெரியுதே" என்றாள் வீட்ஸ்கெ.

கடைசியில் ட்ரூஸிடம் வர வேண்டும். ட்ரூஸ் என்பது மூலக்கூறுகளை எடை போடும் இயந்திரத்துக்கு அங்குள்ளவர்கள் வைத்த பெயர். எல்லோருக்கும் வேண்டியவள், அடிக்கடி முரண்டு பிடிப்பவள். பிறந்தநாளுக்கு முந்தைய நாள் லுபர்ட் குழாய்களோடு போனபோது, ரோவீனா அங்கே உட்கார்ந்திருந்தாள். அன்று முழுக்க அவள் முறை.

"துறைத் தலைவருக்குக் கொஞ்சம் விட்டுக்குடேன், ரோவீனா. நாளைக்குப் பிறந்தநாள்" என்றான் யோரிட்.

"வரிசைன்னா வரிசை" என்றாள் ரோவீனா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

யோரிட் லுபர்ட்டைப் பார்த்தான். லுபர்ட் வீட்ஸ்கெயைப் பார்த்தார். வீட்ஸ்கெ கூரையைப் பார்த்தாள்.

"அவ சொல்றது சரி" என்றார் லுபர்ட். "காப்பி யாருக்கெல்லாம் வேணும்?"

அவர் காப்பியோடு திரும்பியபோது ரோவீனா நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தாள். வளையத்தின் மேல் அவள் நொதி எதுவுமே செய்யவில்லை. அவள் செப்டம்பரில் எழுதியது தப்பு. ஆனால் அவள் விடவில்லை. வளையமாகப் பூட்டப்படுவதற்கு முந்தைய, வால் தொங்கும் மூலக்கூறின் மேல் போட்டுப் பார்த்திருக்கிறாள். எடை சரியாக ஒரு மீத்தைல் அளவு கூடியிருந்தது. திரையில் அந்த எடைக்கான சிகரம் ஊசி போல நின்றது.

"பொத்தானைத் தைச்சிட்டுத்தான் சட்டையை மூடுது!" என்று கத்தினாள்.

வீட்ஸ்கெ அவளைக் கட்டிப்பிடித்து, உடனே கேட்டாள்: "நொதி இல்லாத குழாய்?"

"ஒண்ணும் இல்ல. கொதிக்க வெச்ச நொதி, அதுவும் ஒண்ணும் இல்ல. மூணு தடவை செஞ்சேன். இப்ப கட்டத்தைத் தொடலாமா?"

"தொடலாம். நல்லா அழுத்தித் தொடு."

தன் வேலை முடிந்ததும் ரோவீனா இடம் விட்டாள்; இனி லுபர்ட்டின் முறை. வளையத்தின் மேல் அவர் நொதி. திரையில் கோடு வயல்வெளி போலத் தட்டையாகக் கிடந்தது. இன்னொரு முறை. அதே வயல்வெளி. லுபர்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ரோவீனாதான் கேட்டாள், தயக்கத்தோடு: "உங்ககிட்ட வளையம் பூட்டாத மூலக்கூறு இருக்கா, லுபர்ட்?"

அவர் தலையில் அடித்துக்கொண்டார். வளையம் பூட்டத் தெரியாத ஒரு பாக்டீரியாக் குலத்தை இளமையில் அவர்தான் உண்டாக்கினார். வளையம் பூட்டாத மூலக்கூறு ஊறிய அதன் சாறு இத்தனை காலமும் அவர் பெயரெழுதிய பெட்டியில், ஆழ்குளிர் அறையில் கிடந்தது. அன்றிரவே அதில் தன் நொதியைப் போட்டு ட்ரூஸிடம் வைத்தார்.

மறுநாள் பிறந்தநாள். அந்த ஊர் வழக்கப்படி பிறந்தநாள் கேக்கை லுபர்ட்டே வாங்கி, சைக்கிளின் முன்கூடையில் வைத்துக் கொண்டுவந்தார். காற்றில் பாதிக் கிரீம் மூடியில் ஒட்டியிருந்தது. எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, அதே வழக்கப்படி அவருக்கு மட்டுமல்லாமல் ஒருவருக்கொருவர் கைகுலுக்கி வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது, ட்ரூஸ் அறையிலிருந்து யோரிட் ஓடி வந்தான்.

"வாங்க, வாங்க! ரெட்டைச் சிகரம்!"

கேக் தட்டுகளோடு எல்லோரும் ஓடினார்கள். திரையில் ஒரு பெரிய சிகரம், அதை ஒட்டி மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் ஒரு குட்டிச் சிகரம். குளோரின் அணு எங்கே ஏறினாலும் அந்த ஜோடியாகத்தான் காலடி வைக்கும். லுபர்ட்டின் நொதி குளோரினை ஒட்டத்தான் செய்கிறது. ஆனால் வளையத்தில் அல்ல, வளையம் பூட்டுவதற்கு முன்னால். பாடநூல் படம் பாதி சரி, பாதி தப்பு.

"முப்பது வருஷம்" என்றார் லுபர்ட். கண்கள் பளபளத்தன. "அறுபது வயசுல இப்பத்தான் இதைக் கண்டுபிடிச்சிருக்கேன்! அந்தப் பசங்க எல்லாருக்கும் இன்னைக்கே எழுதணும். உப்புல ஒரு கோளாறும் இல்லைன்னு."

யோரிட் தன் மேசைக்குப் போய், பின்கதவு வரிகளை எல்லோர் முன்னாலும் அழித்தான். முதல் எண் யாருக்கு என்று யாரும் விவாதிக்கவில்லை. ஒதுக்கீட்டை எடுத்ததும் நிரலே வரிசைப்படி கொடுத்தது. செப்டம்பர் விழாவில் முதலில் வந்து, இப்போது நான்கு கேள்விக்கும் பதிலோடு நின்றது ரோவீனாவின் பதிவு. லுபர்ட் அவள் கையைக் குலுக்கினார். "வாழ்த்துகள், ரோவீனா. என் பிறந்தநாளுக்கும், உன் முதல் எண்ணுக்கும்."

அப்புறம் வீட்ஸ்கெ பக்கம் திரும்பினார். "உன் நிரந்தர வேலைக்கான ஆணையில கையெழுத்துப் போட்டாச்சு. நீ வந்து கத்தினியே, அதுக்கு முந்தின வாரமே."

"முன்னாடியே சொல்லக்கூடாதா? நான் பாட்டுக்குப் பயப்படாம சண்டை போட்டிருப்பேனே!"

"பயந்துக்கிட்டா போட்டே? அப்படின்னா டிசம்பருக்கு அப்புறம் என் கதி?"

லுபர்ட் அன்று மதியமே தன் பதிவை நிரப்பினார். இரண்டு விரலால் தட்டி, நான்காவது கேள்வியில் 'குழாயில் போட்டுச் சோதித்தோம்' என்ற கட்டத்தைப் பெருமையோடு தொட்டு, அனுப்பினார். நிரல் குலுக்கிப்போட்டது. சரிபார்க்கும் முறை ரோவீனாவுக்கு விழுந்தது.

அவள் கேக்கைத் தின்றுகொண்டே படித்தாள். முடித்துவிட்டு விரலை நக்கிக்கொண்டு, எழுந்து போய் அவர் எதிரே நின்றாள்.

"திருப்பி அனுப்பியிருக்கேன், லுபர்ட். ஒரே தடவைதான் செஞ்சிருக்கீங்க. கொதிக்க வெச்ச நொதியையும் காணோம்."

லுபர்ட் ரோவீனாவைப் பார்த்தார், வீட்ஸ்கெயைப் பார்த்தார். மீதிக் கேக்கை ஒரே வாயாகப் போட்டுக்கொண்டு, நாற்காலியில் கிடந்த அந்த இறுக்கமான வெள்ளைக் கோட்டை எடுத்தார்.

"ட்ரூஸ்கிட்ட இன்னைக்கு வேற யாராவது வரிசையில இருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டே போனார்.

வீட்ஸ்கெ ரோவீனாவின் தட்டில் இன்னொரு துண்டு கேக் வைத்தாள். பெரிய துண்டு.